முப்பத்தொண்ணாம் பெட்டி

மணி பகல் பன்னெண்டு...

சிரிக்காதே ப்ரசன்னா. பேய்னா ராத்திரி பன்னெண்டுக்குத்தான் வரணும்னு சட்டமா இருக்கு? உச்சி வெயில்ல தனியாப் போகாதேன்னு உன் வீட்டுலயும் சொல்லித்தான் வளத்திருப்பாங்க. ஏன்னு நீ கேட்டிருக்க மாட்டே. இன்னிக்குத் தெரிஞ்சுக்கோ. முனிர்கா ஏரியா முழுக்க இருட்டு, இன்வர்ட்டரும் மண்டையைப் போட்டாச்சு, கரண்ட் இப்போதைக்கு வராது. நரேன், அந்த மொபைல் வெளிச்சத்தை அணைடா. எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க.

பகல் பன்னெண்டு. மே மாசம். ஊர் முடியற இடத்துல ஒரு குப்பை மலை. எந்த மலைன்னு கேக்காதீங்க, டெல்லிக்கு மலைக்கா பஞ்சம்... நாமளே கட்டி வச்சிருக்கோம். அந்த மலையைச் சுத்திச் சுத்தி மேலே ஏறுது லாரி ரோடு. அன்னிக்கு ஒரு லாரி கிடையாது. ஒரு நாய் கிடையாது. அங்கங்கே குப்பைக்குள்ளேருந்து புகை மட்டும் மெல்லிசா வந்துட்டிருக்கு. எரிஞ்ச பிளாஸ்டிக் நாத்தம்.

அந்த ரோட்டுல ஒரே ஒரு பொண்ணு ஏறிப் போறா. மேகலா. என் ஆபீஸ்ல ஜலஜா இருக்கால்ல, அவ சித்தி பொண்ணு. மூக்குல ரெண்டு மாஸ்க், தோள்ல லேப்டாப் பை. பைக்குள்ள ஒரு காகிதம். அந்தக் காகிதத்தை நினைச்சு நினைச்சு அவளுக்குப் பத்திக்கிட்டு வருது.

காகிதத்துல இருந்தது இவ்வளவுதான். 'கூலியாள் அருள்மணி கம்பெனிக்குச் சொந்தமான முப்பத்தொண்ணாம் நம்பர் பெட்டியைத் திருடிக்கொண்டு தலைமறைவாகிவிட்டார். பெட்டி இப்போது மலையின் எல்லைக்குள் இல்லை.' கீழே மேகலா கையெழுத்துப் போடணும். சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள.

அருள்மணி காணாமப் போய் அன்னிக்குப் பத்தொம்பதாவது நாள்.

யார் இந்த அருள்மணி? கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆளு. இருவது வருஷமா டெல்லியில, ரயில் லைன் ஓரத்துக் குடிசை. பொண்டாட்டி முத்தம்மா சரோஜினி நகர்ல நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்குது. அந்த மலையைக் கண்காணிக்க மேகலா வேலை பாக்கற கம்பெனி வச்ச நாப்பது பெட்டியையும் மூங்கில் நட்டுக் கட்டினது அருள்மணி கைதான். அவன் மேல திருட்டுப் பட்டம். போலீஸ் போய் குடிசையில அரிசி டின்னைக் கவுத்துப் பாத்திருக்கு. டிபன் டப்பா சைஸ்ல ஒரு பெட்டிக்கு! திருடன் பொண்டாட்டின்னு மூணு வீட்டுல முத்தம்மாவை நிறுத்திட்டாங்க.

பெட்டின்னா என்னன்னு சொல்லிடறேன், அப்புறம் முழிக்காதீங்க. ஒவ்வொரு பெட்டியிலயும் ரெண்டு பேட்டரி. சூடு பாக்கும், கேஸ் பாக்கும், மலை ஆடுதான்னு பாக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரேடியோவுல சின்னக் குரல்ல ஒரு சத்தம் கொடுக்கும்... 'இருக்கேன்'. அந்தக் குரல் பக்கத்துப் பெட்டி வரைக்கும்தான் எட்டும். அது கேட்டுட்டு அடுத்ததுக்குச் சொல்லும். இப்படியே காதுக்குக் காது மாறி உச்சியில இருக்கற தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேரும். அங்கே ஒரு பெரிய பெட்டி. மலை ஆடினா அது மட்டும் மேகலா போனுக்கு அலாரம் அனுப்பும். மத்த விவரம் எல்லாம் வேணும்னா மலை ஏறித்தான் எடுக்கணும்.

மேகலாவோட வேலை, எந்தப் பெட்டியெல்லாம் ஓரத்துல இருக்குன்னு கண்டுபிடிக்கறது. ரொம்ப சுலபம். இப்ப நாம சுத்தி உக்காந்திருக்கோம். நடுவுல இருக்கானே நரேன், அவனுக்கு எந்தப் பக்கம் கேட்டாலும் மூச்சு கேக்கும். ஆனா நீ, ப்ரசன்னா... உன் முதுகுப் பக்கம் யாரும் இல்லை. அதனால நீ ஓரம். பெட்டியும் அப்படித்தான். சுத்தி எல்லாப் பக்கமும் 'இருக்கேன்' கேட்டா அது உள் பெட்டி. ஒரு பக்கம் சத்தமே இல்லைன்னா ஓரப் பெட்டி. மேப்புல உள்ளே பச்சை, ஓரம் சிவப்பு. குப்பை சரிஞ்சா ஓரம் உள்ளே நகரும். அதைப் பாத்துத்தான் மலை எதுவரைக்கும் பத்திரம்னு சொல்லணும்.

அருள்மணிக்கு ஒரு பழக்கம். பெட்டியைக் கட்டி முடிச்சதும் விரல் முட்டியால ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு ரெண்டு தட்டு. டொக்... டொக் டொக். அப்புறம் காதை வச்சு, "இருக்கியா?"ன்னு கேப்பான். நாத்தத்துக்காக மூக்குக்குக் கீழே தலைவலித் தைலம் தடவியிருப்பான், அவன் வர்றதுக்கு முன்னாடி அந்த வாசனை வந்துடும். அவன் தட்டறதை எல்லாம் பெட்டி மலை ஆடுதுன்னு எடுத்துக்கும். மேகலா போன் அலறும். ராத்திரி பகல்னு இல்லாம வாட்ச்மேனை ஓட விடறதாச்சு.

"அண்ணே, தட்டாதீங்கண்ணே."

"கை தன்னால போவுது மேடம். தட்டாம வந்தா குழந்தையத் தூங்க வக்காம வந்த மாதிரி இருக்கு."

சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போய், ஒருநாள் மேகலா புரோகிராம்ல ஒரே ஒரு வரி சேத்தா. இந்த மாதிரி ஒண்ணு... ரெண்டுன்னு தட்டு வந்தா அது அருள்மணி கை. கண்டுக்காதே. அலாரம் அடிக்காதே.

அந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க.

பத்தொம்பது நாளைக்கு முன்னாடி, முப்பத்தொண்ணாம் பெட்டிக்கு பேட்டரி தீரப் போகுதுன்னு மேகலாதான் அருள்மணியை அனுப்பினா. பகல் பன்னெண்டரைக்குச் சரிவு விழுந்துது. அலாரம் அடிச்சுது. பதறிப்போய் போன் பண்ணினா அவன் போன் போகலை. முப்பத்தொண்ணுலேருந்து முப்பத்தஞ்சு வரைக்கும் அஞ்சு பெட்டி போச்சு. நாலு அடிவாரத்துல உடைஞ்சு கிடைச்சுது. முப்பத்தொண்ணு கிடைக்கலை. அருள்மணியும் கிடைக்கலை.

தேடினாங்களா? தேடலை. ஆள் செத்தான்னு வெளியே தெரிஞ்சா கான்ட்ராக்ட் போயிடும். கேட் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்து காட்டினாங்க. பன்னெண்டு இருவதுக்கே அருள்மணி வெளியே போயிட்டானாம், அழகா இங்கிலீஷ்ல கையெழுத்து. அருள்மணிக்குக் கைநாட்டுதான் தெரியும்! மேகலா அதைச் சொன்னப்போ ப்ராஜெக்ட் தலைவர் சுந்தரேஷ் சிரிச்சாராம். நம்ம ஆளுதான், டெல்லியிலேயே பிறந்து வளந்தவர்.

"அரே மேகலா, ஏன் டென்ஷன் ஆறே? ரெண்டு நிமிஷ வேலை. ஸைன் போடு, அவ்வளவுதான், கதம்."

"பெட்டி எல்லைக்குள்ள இல்லைன்னு எழுதணும்னா, அன்னிக்குத் தேதியில ஓரம் எடுத்த மேப் கூட வைக்கணும் சார். நீங்க போட்ட ரூல்."

"இந்த வெயில்லயா? அச்சா, போய்ட்டு வா."

போக மாட்டான்னு நினைச்சிருப்பார். அவ போனா.

கொட்டகைக்குள்ள அடுப்பு மாதிரி சூடு. பெரிய பெட்டியோட ஃபேன் மட்டும் ங்ங்ங்னு ஓடுது. லேப்டாப்பைச் சேத்து ஓரம் எடுத்தா. மேப் வந்துது. சரிவு விழுந்த விளிம்புல இப்ப இருக்கறது இருவத்தெட்டு, இருவத்தொம்பது, முப்பது. மூணும் சிவப்பா இருக்கணும். அதுங்களுக்கு முன்னாடி அம்பது அடிப் பள்ளம்... காத்துதான் இருக்கு.

மூணும் பச்சை.

தப்புன்னு நினைச்சு திரும்ப ஓட்டினா. பச்சை. இன்னொரு தடவை. பச்சை. தன்னையே திட்டிக்கிட்டு முப்பதாம் பெட்டியோட காதுல விழுந்த லிஸ்டைத் திறந்தா. நான் ஓரம் இல்லைன்னு சொல்லுது. முன்பக்கம் ஆள் இருக்காம். ஆள் யாரு?

முப்பத்தொண்ணு. 'இருக்கேன்.' ஆறு நிமிஷம் முன்னாடி.

இருவத்தொம்பதுக்கும் கேட்டிருக்கு. இருவத்தெட்டுக்கும் கேட்டிருக்கு. மூணு பேர் கையை நீட்டி ஒரே இடத்தைக் காட்டற மாதிரி, மூணும் அந்தப் பள்ளத்துல ஒரே புள்ளியைக் காட்டுது.

லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு ஓடினா. விளிம்புல முப்பதாம் பெட்டி மூங்கில் தனியா நிக்குது. கால் வச்சா மெத்துமெத்துன்னு இறங்குது. மேலே பருந்துங்க வட்டம் போட்டுட்டிருந்துச்சு, காக்கா கத்திட்டிருந்துச்சு... எல்லாம் ஒரே நேரத்துல நின்னுபோச்சு. அந்த வெயில்ல முதுகு மட்டும் சில்லுன்னு ஆச்சாம்.

முதல்ல வாசனை.

எரியற பிளாஸ்டிக்கையும் அழுகின நாத்தத்தையும் தாண்டி... தலைவலித் தைலம். பக்கத்துல நின்னு இப்பதான் தடவின மாதிரி.

மணி பன்னெண்டு நாப்பத்தொண்ணு.

டொக்...

டொக் டொக்.

பெட்டி மேலேருந்து வருது சத்தம். யாரும் இல்லை. மேகலா தன் விரல் முட்டியால மூங்கில்ல திருப்பித் தட்டினா. ஒண்ணு... ரெண்டு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம் காலுக்கு அடியிலேருந்து, ரொம்ப ஆழத்துலேருந்து... டொக்... டொக் டொக்.

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. காதுக்குக் கேக்குது, கையில இருக்கற லேப்டாப்புல ஒண்ணுமே வரலை. ஏன் வரலை? ஏன் அலாரம் அடிக்கலை? அந்த ஒரு வரி... அருள்மணி கை, கண்டுக்காதே.

கண்டுக்காம ஒதுக்கினதை எல்லாம் பெரிய பெட்டி தனியாச் சேத்து வச்சிருக்கும். அதைத் திறந்தா. சரிவு விழுந்த அன்னிக்கு, பகல் பன்னெண்டு நாப்பத்தொண்ணுக்கு முதல் தட்டு. அடுத்த நிமிஷம் இன்னொண்ணு. அடுத்த நிமிஷம் இன்னொண்ணு. பக்கம் பக்கமா ஓடுது. சாயந்திரம்... ராத்திரி முழுக்க... மறுநாள்... அதுக்கும் மறுநாள். நாலாம் நாள் விடியக்காலம் நாலேமுக்காலுக்கு நின்னிருக்கு.

ரெண்டரை நாள்டா! ரெண்டரை நாள் உயிரோட இருந்து தட்டியிருக்கான். ஒவ்வொரு தட்டுக்கும் மேகலா போன் அலறியிருக்கணும். அவ அப்ப ஆபீஸ்ல ஏசியில உக்காந்து, அருள்மணி எங்கேன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சிட்டிருந்தா. போன் மேஜை மேலதான் இருந்துது.

நாலாம் நாள் பகல் முழுக்க எதுவும் இல்லை. அஞ்சாம் நாள்லேருந்து தினம் ஒரே ஒரு தட்டு. பகல் பன்னெண்டு நாப்பத்தொண்ணுக்கு.

மேகலா கத்தினாளாம். யார் மேலன்னு அவளுக்கே தெரியலை. சுந்தரேஷ் மேல, ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டவன் மேல, தன் விரல் மேல. கத்திட்டு முத்தம்மாவுக்கு போன் போட்டா. அடுத்து அடிவாரத்துக்கு ஓடினா. ஜேசிபி டிரைவர் நிழல்ல சாப்பிட்டுட்டிருந்தான். ஆர்டர் நஹி ஹை மேடம்னான். ஆர்டராவது மண்ணாவது, அந்தச் சாவியை நீ கொடுக்கறியா நான் பிடுங்கவான்னு அவ தமிழ்லயே போட்ட சத்தத்துல, ஒரு வார்த்தை புரியாமயே அவன் வண்டி ஏறிட்டான். அதுக்குள்ள முத்தம்மாவும் குடிசை ஆளுங்க பத்துப் பேரும் வந்துட்டாங்க. கையில கிடைச்ச கம்பி, கூடை, முறம்.

சுந்தரேஷ் போன்ல வந்தார். "மேகலா, ஸ்டாப் இட். பாகல் ஹோ கயீ, பைத்தியமா உனக்கு? போலீஸ் கேஸ் ஆயிடும்!"

"ஆகட்டும் சார். ஆகணும்னுதான் தோண்டறேன்."

மூணு பெட்டியும் காட்டின அதே புள்ளி. ரெண்டு ஆள் ஆழம். ஒரு பழைய கதவு குறுக்கே விழுந்து, அதுக்குக் கீழே ஒரு ஆள் சுருண்டு படுக்கற அளவு இடம். அருள்மணி அங்கே இருந்தான். இடது கை உடம்புக்கு அடியில மாட்டிக்கிட்டு. வலது கைக்குப் பக்கத்துல முப்பத்தொண்ணாம் பெட்டி. அந்தக் கை விரல் முட்டியில தோல் இல்லை. முத்தம்மா அழலை. அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு, சுந்தரேஷ் சொல்லி அதுக்குள்ள வந்து நின்ன போலீஸைப் பாத்து, "திருடன் ஆப்புட்டுக்கினான், வந்து எழுதிக்கோங்கடா"ன்னுச்சாம்.

மேகலா அந்தக் காகிதத்தைக் கிழிக்கலை. கையெழுத்துப் போடற இடத்துல, பெட்டி எல்லைக்குள்ளதான் இருந்தது, ஆளும்தான்னு எழுதி, மேப்பையும் தட்டு லிஸ்ட்டையும் சேத்துப் போலீஸ்லயும் கொடுத்தா, பேப்பர்காரன்கிட்டயும் கொடுத்தா. வேலை அன்னிக்கே போச்சு.

இனிமேதான் விஷயம். ப்ரசன்னா, சும்மா சும்மா திரும்பிப் பாக்காதே. உனக்குப் பின்னாடி சுவர்தான்.

சுந்தரேஷ் மேஜையில ஒரு பெட்டி உண்டு. வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு வச்சது. மலைக்கும் ஆபீஸுக்கும் இருவது கிலோமீட்டர். எந்தப் பெட்டி குரலும் அங்கே எட்டாது. சுத்தி நாலு பக்கமும் யாரும் இல்லாத பெட்டி, அதனால பக்கத்து ஸ்க்ரீன்ல அது எப்பவும் சிவப்பு. மறுநாள் பகல் பன்னெண்டு நாப்பத்தஞ்சுக்கு மேகலாவுக்கு போன் வருது. சுந்தரேஷ். குரலே மாறிப்போயிருக்கு.

"மேகலா... இது பச்சை காட்டுது. பக்கத்துல ஒண்ணு இருக்காம். கை எட்டற தூரம்னு வருது. தட்டற சத்தம் கேக்குது மேகலா. ப்ளீஸ்... எப்படி நிறுத்தறது?"

மேகலா போனைக் காதோட அழுத்தினா. லைன்ல அவளுக்கும் கேட்டுது. டொக்... டொக் டொக்.

"அது அருள்மணி கை சார். கண்டுக்காதீங்க."

வச்சுட்டா. அதுக்கப்புறம் அந்த மனுஷன் எங்கே உக்காந்தாலும் முதுகைச் சுவரோட ஒட்டித்தான் உக்காருவாராம். சுவர்லயும் தட்டு கேக்குதோ என்னமோ, நமக்குத் தெரியாது. கேக்கட்டும்.

பத்து நாள் கழிச்சு மேகலா முத்தம்மாவைப் பாக்கப் போனா. ஆஸ்பத்திரியில கொடுத்த துணி மூட்டையை முத்தம்மா அன்னிக்குத்தான் பிரிச்சிருந்துது. சட்டை, செருப்பு ஒண்ணு, தைல டப்பா. சட்டையோட இடது பாக்கெட்லேருந்து எதையோ எடுத்து மேகலா கையில வச்சுது.

"இது என்னா மேடம்? நெட்டையா, கனமா கீது. அவுரு வச்சிருந்தாரு."

ரெண்டு பேட்டரி. புதுசு. மேலே சுத்தியிருந்த பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்கலை.

மேகலா அங்கேயே உக்காந்துட்டா. போலீஸ் எழுதின லிஸ்ட் முத்தம்மாகிட்ட ஒரு காப்பி இருந்துது. அதை வாங்கிப் பாத்தா. முப்பத்தொண்ணாம் பெட்டி, ஒண்ணு. மூடி திறந்த நிலை. உள்ளே காலி.

வீட்டுக்கு வந்து, பெரிய பெட்டியிலேருந்து எடுத்து வச்சிருந்த லிஸ்ட்ல சரிவு விழுந்த அன்னிக்கு வந்த வரியை எல்லாம் மெதுவாப் படிச்சா. பன்னெண்டு இருவத்தாறுக்கு ஒரு வரி... முப்பத்தொண்ணு, பேட்டரி கழட்டியாச்சு. பழசைக் கழட்டியிருக்கான், புதுசை எடுக்கறதுக்குள்ள மலை விழுந்துடுச்சு. பாக்கெட் இருந்த பக்கம் கை மாட்டிக்கிச்சு. பேட்டரி இல்லாத காலிப் பெட்டி எந்தத் தட்டையும் மேலே சொல்லாதுன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும்தான் ரெண்டரை நாள் தட்டியிருக்கான்.

அதுக்கு அடுத்த வரி, பன்னெண்டு நாப்பத்தொண்ணு.

'முப்பத்தொண்ணு. இருக்கேன்.'

அந்தப் பெட்டி இப்ப போலீஸ் ஸ்டேஷன் அலமாரியில, சீல் வச்ச பைக்குள்ள இருக்கு. மலையில வேற கம்பெனி வந்து, போன அஞ்சுக்குப் பதிலாப் புதுப் பெட்டியும் வச்சாச்சு, மேகலா எழுதின புரோகிராம்தான் ஓடுது, அந்தக் 'கண்டுக்காதே' வரியை மட்டும் எடுத்துட்டாங்க. புதுசா வந்த பையன் ஒருத்தன் நேத்து மேகலாவுக்கு போன் பண்ணினானாம். "அக்கா, மலையைச் சுத்தி ஓரமே வர மாட்டேங்குது. நாப்பது பெட்டியும் பச்சை. வெளிப்பக்கம் யாரோ இருக்காங்கன்னு எல்லாம் சொல்லுது... என்ன பண்ணட்டும்?"

மணி என்னன்னு கேட்டாளாம் மேகலா.

பன்னெண்டு நாப்பத்தொண்ணு அக்கான்னானாம்.